புளோக்கடிக் கால்வாய் எங்கே போய்ச் சேருகிறது? நம் அன்றாடப் பழக்கங்களும் சிங்கப்பூரின் நீர்நிலைகளும்

காலாங்_கரை

அனைவருக்கும் வணக்கம். நான் தோ பாயோவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். சென்ற வாரம் எங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) மூன்றாம் மாடியில் வீட்டைப் புதுப்பிக்கும் பணியில் இருந்த ஊழியர் ஒருவர், சாயம் தோய்ந்த தூரிகைகளையும் உருளைகளையும் ஒரு வாளித் தண்ணீரில் அலசி, பால்போல் வெளுத்துப்போன அந்த நீரைக் கீழ்த்தளத்தை ஒட்டி ஓடும் சிறிய கால்வாயில் சாய்த்துவிட்டுப் போனார். தமிழர் என்று தெரிந்ததால் அருகில் சென்று பேசினேன். "சாக்கடையில்தானே ஊற்றினேன், அண்ணே?" என்று கேட்டார். அவர் குரலில் கள்ளம் இல்லை. எனக்கோ உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் என் வீட்டிலும் என் தாயார் முதற்கொண்டு எல்லோரும் அந்தக் கால்வாயைச் சாக்கடை என்றும் மலாயில் லோங்காங் என்றும்தான் சொல்லி வருகிறோம்.

அன்று மாலை அந்தக் கால்வாயைத் தொடர்ந்து நடந்து பார்த்தேன். அது கார் நிறுத்துமிடத்தின் ஓரமாகப் போய், சாலைக்கு அடியில் புகுந்து, ஆள் உயரத்துக்கும் ஆழமான ஒரு பெரிய கால்வாயில் சேர்கிறது. பெரிய கால்வாய் காலாங் ஆற்றில் கலக்கிறது. காலாங் ஆறு மரினா நீர்த்தேக்கத்தில் முடிகிறது. மரினா நீர்த்தேக்கம் நம் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. என் வீட்டு வாசலிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய இந்தத் தொடர்பை இத்தனை ஆண்டுகளாக நான் அறியாமல் இருந்தது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

வீட்டிலும் புளோக்கிலும் நாம் செய்யும் எந்தெந்தக் காரியங்கள் ஆற்றைக் கெடுக்கின்றன, அவற்றுக்கு மாற்று என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய_பொறியாளர்

ஐயா, நீங்கள் நடந்து பார்த்தது மிக நல்ல காரியம். நான் பணி ஓய்வு பெறும்வரை குழாய், வடிகால் வேலைகளில்தான் இருந்தேன். அடிப்படையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் நீர் போகும் வழிகள் இரண்டு, இரண்டும் தனித்தனி. உங்கள் கழிப்பறை, குளியலறைத் தரைத்துளை, சமையலறைத் தொட்டி ஆகியவற்றில் விழும் நீர் மண்ணுக்கு அடியில் உள்ள கழிவுநீர்க் குழாய்களில் போகிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்தில் ஆழத்தில் தோண்டப்பட்ட சுரங்கக் கழிவுநீர்க் குழாய் 2008இல் நிறைவடைந்தது. அத்தகைய பெருங்குழாய்கள் அந்நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்கின்றன, அதில் ஒரு பகுதி மேலும் தூய்மையாக்கப்பட்டு நியூவாட்டர் எனும் புதுநீராகிறது. இது ஒரு வழி.

மற்றொரு வழி, நீங்கள் தொடர்ந்து நடந்த திறந்த கால்வாய். அது மழைநீருக்காக மட்டும் கட்டப்பட்டது. அதில் விழுவது எதுவாக இருந்தாலும் சிறு வடிகால், பெருங்கால்வாய், ஆறு என்று போய்ப் பெரும்பாலும் நீர்த்தேக்கத்தில் இறங்கும். பெரும்பாலான இடங்களில் நடுவே இருப்பது மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் தடுப்பு ஒன்றுதான். அந்தத் தடுப்பு நெகிழிப் போத்தலைப் பிடிக்கும். சாயத்தையும் சவர்க்கார நீரையும் எண்ணெயையும் அது எப்படிப் பிடிக்கும்?

இன்று நம் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, நீர்த்தேக்கங்கள் 17. மரினா நீர்த்தேக்கம் ஒன்றுக்கு மட்டும் 10,000 ஹெக்டர் பரப்பிலிருந்து, அதாவது தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்திலிருந்து, நீர் வருகிறது. அதில் மலைக்காடு இல்லை. தோ பாயோ, பீஷான், லிட்டில் இந்தியா, ஆர்ச்சர்ட் சாலை போன்ற நெரிசலான நகர்ப்பகுதிதான் அந்த நிலம்.

எந்த நீர் எந்த வழியில் போகிறது என்று கண்டுகொள்ள ஓர் எளிய அடையாளம் உண்டு. மழை நனைக்கும் இடத்தில் இருக்கும் துளையும் வாய்க்காலும் பெரும்பாலும் ஆற்றுக்குப் போகின்றன. கூரைக்குள் இருக்கும் தரைத்துளை பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. குப்பைத்தொட்டி மையங்களும் முறைப்படி அமைக்கப்பட்ட கார் கழுவும் இடங்களும் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த ஊழியர் வாளியை எங்கே சாய்த்திருக்க வேண்டும் என்பதற்கு விடை தானாகவே கிடைத்துவிடும். குளியலறையில் சாய்த்திருக்க வேண்டும்.

கேள்விக்குறி

மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். நீர்த்தேக்கத்து நீரை நாம் அப்படியே குடிப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் பல படிகளைக் கடந்துதான் அது நம் குழாய்க்கு வருகிறது. கால்வாய்களைத் துப்புரவு செய்ய ஊழியர்களும் இருக்கிறார்கள். இந்நிலையில் ஒரு வாளிச் சாய நீரையும் ஒரு கைப்பிடி வாடிய பூவையும் பெரிதாக்கிக் குடும்பங்களைக் குற்றவாளிகளாக்குவது சரியா? தொழிற்சாலைகளும் கட்டுமானத் தளங்களும் உண்டாக்கும் கேட்டோடு ஒப்பிட்டால் நம் பங்கு கடுகளவு அன்றோ?

தூண்டில்காரர்

நான் வார இறுதிகளில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் தூண்டில் போடுபவன். சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் நீருக்குள் நடப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்.

நீரைக் குடிக்கும் நமக்குச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நீருக்குள்ளேயே வாழும் மீனுக்கு அப்படி ஒன்று இல்லை. உரம், சவர்க்காரம், அழுகும் உணவு, கூட்டித் தள்ளிய சருகு எல்லாம் நீருக்குள் போய்ச் சத்தாக மாறுகின்றன. அந்தச் சத்தைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி பகலில் உயிர்வளியை வெளிவிட்டாலும் இரவில் அதுவே உயிர்வளியை இழுத்துக்கொள்கிறது. செத்த பாசி அழுகும்போது இன்னும் இழுக்கிறது. அதனால்தான் மீன்கள் மூச்சுத்திணறி மேலே வந்து வாயைப் பிளக்கும் நேரம் பெரும்பாலும் விடியற்காலையாக இருக்கிறது. ஒரு முறை மழையில்லாத வாரம் ஒன்றின் முடிவில், ஒரு கால்வாயின் முகப்பில் விடியும் நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்ததைக் கண்டேன். அதன்பிறகு ரொட்டித் துண்டுகளை நீரில் எறியும் பிள்ளைகளைக் கண்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் வளர்த்த ஆமையும் மீனும் பெரிதாகிவிட்டால் அவற்றைப் புண்ணியம் என்று நினைத்து நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். கடையில் வாங்கும் செங்காது ஆமை இந்த மண்ணுக்கு உரியது அன்று. அது பிழைத்தால் உள்ளூர் உயிர்களின் உணவைப் பறிக்கும், பிழைக்காவிட்டால் பட்டினியில் சாகும். எப்படிப் பார்த்தாலும் அதில் புண்ணியம் இல்லை, சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

பழைய_பொறியாளர்

கேள்விக்குறி அவர்கள் எழுப்பிய ஐயம் நியாயமானது, அதை ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தால் இந்த நீரைத் தூய்மையாக்க முடியும் என்பது உண்மை. ஆயினும் நீர் எவ்வளவு கலங்கி வருகிறதோ அவ்வளவு இரசாயனமும் மின்சாரமும் வடிகட்டிச் சவ்வும் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவு நம் தண்ணீர்க் கட்டணத்தைத் தவிர வேறெங்கிருந்து வரும்?

கடுகளவு என்கிறீர்கள். ஆற்றில் தொழிற்சாலைக்கு ஒரு வாய் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அடைக்கலாம். வீடுகளிலிருந்து வரும் அழுக்குக்கு வாய் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. சிங்கப்பூரின் வடிகால்களையும் கால்வாய்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளம். இதில் ஒவ்வொரு மீட்டருக்கும் காவல் போட எந்த அரசாலும் முடியாது.

இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. மழையின் முதல் சில நிமிடங்களில் ஓடும் நீரே மிக அழுக்கானது, ஏனென்றால் மழையில்லாத நாள்களில் சாலையிலும் கார் நிறுத்துமிடத்திலும் நடைபாதையிலும் நாம் விட்டுவைத்த எண்ணெய்ச் சொட்டு, சிகரெட் துண்டு, நாயின் கழிவு, பசளை, தூசு அனைத்தையும் அது ஒரே வாரலில் அள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே கால்வாயில் நேரடியாக ஊற்றாவிட்டாலும், மழை நனைக்கும் தரையில் விட்டது கால்வாயில் விட்டதுதான். சிகரெட் துண்டைப் பற்றி ஒரு சொல்: அதன் வடிகட்டி பஞ்சு போலத் தோன்றினாலும் அது ஒருவகை நெகிழி. அது எளிதில் மட்காது.

தேக்கா_தாத்தா

பிள்ளைகளே, நான் எழுபதைத் தாண்டியவன். சிங்கப்பூர் ஆறு நாறிய காலத்தை மூக்கால் அறிந்தவன் என்பதால் இதில் எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில் என் மாமா சரக்குக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதினார். நண்பகலில் அவருக்குச் சோறு கொண்டு போவேன். ஆற்றின் மேல் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நீரின் நிறம் தார் போல இருக்கும். எண்ணெய், அழுகிய காய்கறி, மீன் குடல், மனிதக் கழிவு எல்லாம் அதில் உண்டு. மேல்புறத்தில் காலாங் படுகையை ஒட்டி நூற்றுக்கணக்கான பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் இருந்தன. தெருவில் உணவு விற்றவர்கள் எச்சிலையும் கழுநீரையும் பக்கத்து வடிகாலில் கொட்டினார்கள், அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் படுகையிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். பண்ணைகள் மூடப்பட்டன. கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தெருக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குள் வந்தார்கள். 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. ஆற்றடியிலிருந்து சேற்றை வாரி எடுத்தார்கள். 1987இல் பணி முடிந்தது, ஏறத்தாழ 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவானது. அந்தப் பத்தாண்டுகளில் தொழிலையும் வீட்டையும் விட்டுக் கொடுத்தவர்களின் இழப்பு அந்தக் கணக்கில் அடங்காது. என் மாமாவின் கிடங்கும் அப்போதுதான் மூடியது. அவர் அதற்காக வருந்தினார், ஆனால் கண்ணை மூடும்வரை ஆற்றைக் குறை சொன்னதில்லை.

நம்மவர்களுக்கும் இந்நாட்டு நீரோட்டங்களுக்கும் உறவு பழையது. சிங்கப்பூர் ஆற்றில் தொடக்க காலத்தில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் பலர். டோபி காட் என்ற இடத்தின் பெயரே, அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் வந்தது. அந்த ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாய். தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்தில் எருமைகள் கட்டியிருந்ததும் அவற்றுக்கு நீர் கிடைத்ததால்தான். ஆற்றால் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வரிசி

தாத்தா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. நான் செங்காங்கில் இருக்கிறேன். சமையலறை, பூசையறை ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அவ்விரண்டிலும் என் கையாலேயே தவறு செய்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெயைப் பல ஆண்டுகள் சுடுநீரோடு சேர்த்துச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். அது கழிவுநீர்க் குழாய்க்குத்தானே போகிறது, ஆற்றுக்கு இல்லையே என்று இப்போது யாரேனும் நினைக்கலாம். ஒரு தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் எங்கள் புளோக்கின் தரைத்தளத்தில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, மூடியின் வழியே நீர் பொங்கி வெளியே வந்து நேராக மழைக் கால்வாயில் இறங்கியது. பழுது பார்க்க வந்தவர் குழாய்க்குள்ளிருந்து மெழுகு போல உறைந்த கொழுப்பை வாளி வாளியாக எடுத்தார். அதில் என் எண்ணெயும் இருந்திருக்கும். என் வீட்டுக்கு மட்டும் அதில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எண்ணெயை ஆறவிட்டு வடிகட்டி, மறுபடி பயன்படாததை மூடியுள்ள போத்தலில் சேர்க்கிறேன். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்கும் இடங்கள் சில வட்டாரங்களில் இருக்கின்றன. இல்லாத இடத்தில் பழைய செய்தித்தாளில் ஊறவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடலாம். வாணலியைக் கழுவுவதற்கு முன் ஒரு தாளால் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஈரத் துடைப்பான்களையும் கழிப்பறையில் போடக் கூடாது. கரையும் என்று உறையில் எழுதியிருந்தாலும் குழாய்க்குள் அவை எண்ணெயோடு பின்னிக்கொண்டு கயிறு போலாகிவிடுகின்றன.

அடுத்தது பூசைப் பொருள். சாமிக்குச் சாத்திய மாலையைக் குப்பையில் போட மனம் ஒப்பாமல், கால்படாத இடம் என்று பூங்காவை ஒட்டிய கால்வாயில் விடும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. ஓடும் நீரில் விடுவது மரபு என்று மாமியார் சொல்வார். ஊரில் வாழைநாரில் கட்டிய பூ ஆற்றோடு போய் மக்கிவிடும். இங்கே மாலையில் நெகிழி நூலும் சரிகைத் தாளும் சில வேளைகளில் பஞ்சு உருண்டையும் இருக்கின்றன, நீரும் ஓடிக் கடலுக்குப் போவதில்லை, நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. மாமியாரிடம் இதை ஒரு நாள் பொறுமையாகச் சொன்னேன். "குடிக்கிற தண்ணியா அது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். மறுநாளே நூலை அறுத்துப் பூவை மட்டும் உதிர்த்து, துளசித் தொட்டியின் மண்ணில் கலந்துவிட்டார். மிஞ்சுவதை வெள்ளைத் துணியில் கட்டித் தனியாகக் குப்பைக்கு அனுப்புகிறோம். விபூதி, குங்குமம் கரைத்த நீரைச் செடிக்கு ஊற்றாமல் குளியலறையில் விடுகிறோம்.

கட்டுமானத்தம்பி

வணக்கம் ஐயா, அம்மா. நான் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தளத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கேள்விக்குறி ஐயா கட்டுமானத் தளங்களைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

மண்ணைத் தோண்டிய தளத்தில் மழை பெய்தால் ஓடிவரும் நீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருக்கும். அது அப்படியே கால்வாய்க்குப் போனால் மண் படிந்து கால்வாய் ஆழம் குறையும், பின்பு வெள்ளம் வரும், நீருக்குள் வெயில் இறங்காமல் செடியும் மீனும் சாகும். ஆகையால் இங்கே மண் தடுப்பு ஏற்பாடு கட்டாயம். வெளியே விடும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் துகள் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதற்காகத் தளத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, நீரைக் குழிகளில் தேக்கி, மருந்து கலந்து மண்ணைக் கீழே படியவைக்கும் இயந்திரத்தில் ஓட்டி, தெளிந்த பிறகுதான் வெளியே விடுகிறோம். வேலை நடக்காத வெற்று மண் சரிவுகளைத் தார்ப்பாயால் மூடுகிறோம்.

ஏற்பாடு இருந்தாலும் அதைக் காப்பது ஆள்தான். நான் முன்பு வேலை செய்த ஒரு தளத்தில், மாலை மழைக்கு முன்பு தார்ப்பாய் மூட நேரமில்லை என்று மேற்பார்வையாளர் விட்டுவிட்டார். அரை மணி நேர மழையில் பக்கத்துக் கால்வாய் முழுவதும் சிவந்துபோனது. எனக்கு அன்றிரவு ஊர்க் கண்மாய் நினைவுக்கு வந்து தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்காலில் யாராவது மண்ணைத் தள்ளினால் ஊரே கூடிக் கேட்கும்.

தளத்துக்கு வெளியே சிறிய வேலை செய்யும் என் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சிமெண்ட் குழைத்த தொட்டியைக் கால்வாயோரம் கழுவாதீர்கள். சிமெண்ட் நீர் காரமுள்ளது, அது படும் இடத்தில் மீன் நிற்காது. மிஞ்சிய கலவையைக் கோணியில் கொட்டி இறுகவிட்டால் கல்லாகிவிடும், கட்டடக் கழிவோடு அனுப்பலாம். சாயத் தூரிகையை முதலில் தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டுக் குளியலறையில் அலசலாம். டின்னர் (சாயக் கரைப்பான்) கலந்த எண்ணெய்ச் சாயமாக இருந்தால் குளியலறையிலும் ஊற்றக் கூடாது, டின்னில் மூடிவைத்து முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரர் "இங்கே கழுவிக்கொள்ளுங்கள்" என்று ஓர் இடம் காட்டினால் எங்கள் ஆள்கள் மறுக்க மாட்டார்கள். பெரும்பாலும் வீடு அழுக்காகும் என்று எங்களைக் கீழே அனுப்புவது வீட்டுக்காரர்கள்தாம்.

கேள்விக்குறி

தம்பியின் கடைசி வரி என்னைத் தைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டைப் புதுப்பித்தபோது, குளியலறைப் புது ஓடு கறைபடும் என்று ஊழியர்களைக் கீழே போய்க் கழுவச் சொன்னவன் நானே. கடுகளவு என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் பெரிய அளவில் நீரைக் கெடுப்பவர்களைக் கண்டால் முறையிட வேண்டும் என்ற கருத்திலிருந்து நான் மாறவில்லை. அதற்கு வழி என்ன?

பழைய_பொறியாளர்

அந்தக் கருத்திலிருந்து நீங்கள் மாறவும் கூடாது. கால்வாயில் நிறம் மாறிய நீர், எண்ணெய்ப் படலம், நுரை, செத்த மீன் ஆகியவற்றைக் கண்டால் நாட்டின் நீரை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு உடனே தெரிவிக்கலாம். ஒன்சர்விஸ் செயலி வழியாகவும் படத்துடன் அனுப்பலாம். இதில் நேரம் முக்கியம், ஏனென்றால் மூலத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் கால்வாயில் எதிர்த்திசையில் தடம் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும், அடுத்த மழை வந்துவிட்டால் தடயம் போய்விடும். எந்தப் பக்கத்திலிருந்து நீர் வந்தது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். ஒருபோதும் நீங்களே கால்வாய்க்குள் இறங்கிப் பார்க்காதீர்கள், நம் ஊர் மழையில் கால்வாய் நிமிடங்களில் நிறைந்துவிடும்.

தாமே களத்தில் இறங்க விரும்புபவர்களுக்கு, 1998இல் தொடங்கிய வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி என்னும் தொண்டர் அமைப்பு இருக்கிறது. காலாங் படுகையில் மிதிவண்டியிலும் படகிலும் சுற்றிக் குப்பை அகற்றுகிறார்கள்.

தமிழாசிரியை_ஈசூன்

இந்த இழையை மூன்று நாள்களாகப் படித்து வருகிறேன். கட்டுமானத்தம்பி எழுதிய வரத்துக்கால் என்ற சொல்லை இங்கே யாரும் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

சாக்கடை என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதில் எதைப் போட்டாலும் தவறாகத் தோன்றாது. அந்தச் சாயத் தொழிலாளி கேட்ட கேள்வியில் குற்றம் இல்லாததற்குக் காரணம், நாம் வைத்த பெயரே அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டது. தமிழில் நீர் போகும் வழிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! வாய்க்கால், கால்வாய், ஓடை, மடை, மதகு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. குளத்துக்கும் கண்மாய்க்கும் நீரைக் கொண்டுவரும் வழிக்கு வரத்துக்கால் என்று பெயர். குடிநீருக்கென்றே ஒதுக்கிய குளத்தை ஊருணி என்றார்கள், அதில் கால் கழுவவும் துணி துவைக்கவும் விடமாட்டார்கள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் புளோக்கடியில் ஓடுவது வரத்துக்கால், மரினா நம் ஊருணி.

சென்ற பருவத்தில் என் தொடக்கநிலை நான்கு மாணவர்களைப் பள்ளிக்குப் பின்புறமுள்ள கால்வாயோரம் அழைத்துச் சென்று, இது எங்கே போகிறது என்று கேட்டேன். இருபத்தாறு பேரில் மூவர்தாம் நீர்த்தேக்கம் என்றார்கள். மற்றவர்கள் கடல் என்றும் குப்பை எரிக்கும் இடம் என்றும் சொன்னார்கள். பிறகு பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குப் போனோம். 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான காங்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றின் அப்பகுதியை உடைத்து, வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கரையில் செடிகளும் கற்களும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அங்கே ஒரு நீர்நாய்க் குடும்பம் மீன் தின்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு சிறுவன், "டீச்சர், இது நம்ம பள்ளிக் கால்வாய்க்கு அக்காவா?" என்று கேட்டான். அன்று எழுதிய கட்டுரைகளில் ஒருவர்கூடச் சாக்கடை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை, நான் திருத்தவும் இல்லை.

காலாங்_கரை

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று செய்திகளைத் தெரிவிக்கிறேன்.

முதலாவது, அந்தச் சாய ஊழியரை மறுபடி சந்தித்தேன். தம்பி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். வீட்டுக்காரரிடம் நானே பேசி, பின்பக்கக் குளியலறையில் கழுவ ஒப்புதல் வாங்கினேன். வீட்டுக்காரர் சீன மூதாட்டி, மலாயில் பேசினோம். காலாங் ஆற்றுக்குப் போகும் நீர் என்றவுடன் வேறு எதுவும் கேட்காமல் தலையசைத்தார்.

இரண்டாவது, செவ்வாய்க்கிழமை பெருமழையின்போது குடையுடன் போய்க் கால்வாயோரம் நின்றேன். பொறியாளர் ஐயா சொன்னது போலவே முதல் பத்து நிமிடம் நீர் கறுத்து ஓடியது. நெகிழிக் கோப்பை, உறிஞ்சுகுழல், சருகு, சிகரெட் துண்டுகள் வரிசையாக வந்தன. பிறகு மெல்லத் தெளிந்தது. சருகைப் பற்றி எனக்கு ஒரு நெருடல் உண்டு. புளோக்கைக் கூட்டும் ஊழியர் ஒருவர் அவசரத்தில் சருகைக் கால்வாய்க் கம்பியின் இடுக்கில் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒருவராக நான்கு புளோக்குகளைப் பார்க்கிறார் என்று பின்னர்தான் தெரிந்தது. அவரைக் குறை சொல்லாமல், கூடுதலாக ஒரு பை வண்டி கொடுக்குமாறு நகர மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, என் தாயார். எண்பத்தோரு வயதில் சொல் மாற்றுவது கடினம். அவர் இன்னும் லோங்காங் என்றுதான் சொல்கிறார். ஆனால் நேற்று என் தம்பி மகன் மிட்டாய்த் தாளை அதில் போடப் போனபோது, அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

பிடோக்_வாசி

புதிதாகச் சேர்ந்தேன், பயனுள்ள இழை. ஒரு சிறு கேள்வி: என் காரை நானே கழுவுபவன். எங்கள் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் கழுவும் இடம் இல்லை. என்ன செய்யலாம்?

பழைய_பொறியாளர்

மழை நனைக்கும் தரையில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம், ஐயா. அருகில் உள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலோ பெட்ரோல் நிலையத்திலோ கழுவுவதற்கென்று அமைத்த இடம் இருக்கும், அங்கே கொண்டு போங்கள். தூசு மட்டும்தான் என்றால் ஒரு வாளி வெறும் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாலே போதும். மிஞ்சும் அழுக்கு நீரை மேலே எடுத்துச் சென்று குளியலறையில் ஊற்றிவிடுங்கள். மின்தூக்கியில் வாளி தளும்பாமல் இருக்க முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம்.